எங்கள் மொழியைத் திறந்துவிடலாமா, பூட்டியே வைக்கலாமா?

பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரியின் எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் விற்ற மென்பொருள் போடும் கொள்முதல் பில்லில் கணக்கு இடிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை தானே எழுதிச் சேர்த்த ஒரு விதியில்தான் கோளாறு, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. கிளம்பும்போது முதலாளி கேட்டார்: "ஏன் தம்பி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இத யாரு பாப்பாங்க?"

"பார்ட்னர் இருக்காருங்க ஐயா" என்றேன்.

"அவரு வசூலுக்கு வர்றவரு. இதுக்குள்ள என்னா இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

தெரியாது. பேச்சை மாற்றி, மோர் குடித்துவிட்டுக் கடலூருக்கு வண்டி ஏறினேன். ஆனால் அந்தக் கேள்வி மஞ்சக்குப்பம் வரைக்கும் கூடவே வந்தது. எங்கள் மென்பொருளுக்குள் நாங்களே உருவாக்கி வைத்திருக்கும் குட்டி நிரல் மொழியின் சோர்ஸ் கோடை (மூல நிரலை) யாரும் படிக்க, எடுக்கத் திறந்துவிடுவதா, பூட்டியே வைப்பதா என்று அன்று தொடங்கி ஒரு மாதம் நானும் பார்ட்னரும் போட்ட சண்டையின் சாரம்தான் இது. இதே மாதிரி சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கி விற்றுக்கொண்டிருக்கும் சின்ன கம்பெனிகள் இன்னும் சில இருக்கும். அவர்களுக்கு உதவலாம்.

முதலில், முந்திரிக் கணக்குக்கு எதற்குத் தனி மொழி என்று சொல்லிவிடுகிறேன். கொட்டையை மூட்டையில் வாங்குகிறார்கள், மூட்டை 80 கிலோ. ஆனால் தரத்தைப் பவுண்டில் பேசுகிறார்கள். 80 கிலோ கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் அவுட்டர்ன். ஒரு கிலோ மாதிரி எடுத்து வெட்டி, நல்ல பருப்பை முழுசாகவும், புள்ளி விழுந்ததைப் பாதியாகவும் எடை சேர்த்து, வந்த கிராமை 0.176 ஆல் பெருக்க வேண்டும். 272 கிராம் தேறினால் 48 பவுண்டுக்கு ஒரு நூல் கீழே. அந்த ஒரு நூலுக்கு எவ்வளவு விலை குறைப்பது, ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பது, சாக்குக்கு எத்தனை கிராம் தள்ளுவது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள், சில சமயம் நாளுக்கு நாள் மாறும். இதையெல்லாம் மென்பொருளுக்குள் நிரந்தரமாக எழுதிவைத்தால் நான் தினமும் பண்ருட்டியில்தான் குடியிருக்க வேண்டும். அதனால் 2010இல், 'அவுட்டர்ன் 46க்குக் கீழ் எனில் மூட்டைக்கு இவ்வளவு குறை' என்று கணக்குப்பிள்ளையே தமிழில் எழுதிக்கொள்கிற ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழியை எழுதினேன்.

அடுத்த வருடக் கடைசியில் தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. உள்ளூர்க் கொட்டை குறைந்து ஆப்பிரிக்கக் கொட்டையை நம்ப வேண்டிய நிலை. வாங்கும் விதிகள் தலைகீழாக மாறின. அப்புறம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. தோல் நீக்காத, ஓடு உடைக்காத கொட்டையை விவசாயியிடம் வாங்கினால் வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும் என்றார்கள். நம் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. தமிழ்நாட்டின் ஜி.எஸ்.டி. குறியீடு 33, புதுச்சேரியுடையது 34. சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்கு வெளி மாநில வரி. இரண்டு முறையும் எங்கள் மென்பொருள் தப்பியதற்குக் காரணம் அந்தக் குட்டி மொழிதான். விதிகளை வாடிக்கையாளர்களே மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மொழியில் எழுதிய விதிகளைப் படித்து ஓட்டும் நிரலான இன்டர்பிரெட்டர், சி மொழியில் எழுதியது. சோர்ஸ் கோட் என்னிடமும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பார்ட்னரின் கட்சி: பூட்டியே வைப்போம். அவர் வாதம் லேசுப்பட்டது இல்லை. மூடிய மொழிகள் நன்றாகவே பிழைக்கின்றன. மேத்வொர்க்ஸ் 1984இலிருந்து, பொறியியல் கணக்குகளுக்கான மேட்லாப் மொழியை விற்றுக்கொண்டிருக்கிறது. ஆக்டேவ் என்ற இலவச மாற்று வந்தும் அவர்கள் கடை மூடவில்லை, காரணம் பொறியியல்காரர்கள் காசு கொடுப்பது மொழிக்கு இல்லை, அதன் மேல் கட்டிய டூல்பாக்ஸ்களுக்கு. பக்கத்தில் பார்த்தால் டாலி கணக்கு மென்பொருளின் சொந்த மொழியான டி.டி.எல். இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தே பிழைப்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கிறார்கள். ஜோஹோவின் டெலூஜ் இன்னொன்று. அது ஜோஹோவின் சேவைகளுக்குள்ளேயே ஓடுகிற மொழி, வெளியே எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? "பெரியவங்க எல்லாம் பூட்டித்தானே வெச்சிருக்காங்க, நாம மட்டும் ஏன் தர்மம் பண்ணணும்?" என்றார்.

ஆனால் இந்த மூன்றுக்கும் உள்ள பொது அம்சத்தை அவர் கவனிக்கவில்லை. மூன்றின் பின்னாலும் பெரிய கம்பெனி இருக்கிறது. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வருவார். வாடிக்கையாளர் பூட்டை ஏற்றுக்கொள்வது, சாவி வைத்திருப்பவர் ஓடிப்போக மாட்டார் என்கிற நம்பிக்கையில்தான். எங்கள் சாவி என் ரத்த அழுத்தத்தை நம்பி இருக்கிறது.

பெரிய கம்பெனியும் ஓடிப்போகும் என்பதற்கு ஃபாக்ஸ்புரோவே போதும். தொண்ணூறுகளில் இங்கே கணினி கற்ற யாரைக் கேட்டாலும் ஃபாக்ஸ்புரோ படித்திருப்பார்கள். அரிசி ஆலை, சீட்டு கம்பெனி, லாட்ஜ், நகைக்கடை எல்லாவற்றுக்கும் அதில்தான் புரோகிராம். 1992இல் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய கம்பெனியை வாங்கியது. 2007 மார்ச்சில், இனி புதுப் பதிப்பு வராது என்று அறிவித்தது. ஒன்பதாம் பதிப்புக்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. எங்களிடமே கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பயனர்கள் மனுப் போட்டுக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துணி போர்த்திப் பாதுகாக்கிறார்கள். அது செத்தால் இருபது வருடத்துக் கணக்கும் சேர்ந்து போய்விடும் என்று பயம். அந்தக் கணக்கு கடைக்காரருடையது, அதைத் திறக்கும் மொழிதான் அவருடையது இல்லை.

ஃபாக்ஸ்புரோவின் பங்காளி முறையில் கிளிப்பர் என்று ஒன்று இருந்தது. அதையும் உடைமையாளர்கள் கைவிட்டார்கள். ஆனால் அதில் எழுதிய புரோகிராம்களை ஓட்டக்கூடிய ஒரு கம்பைலரை (எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவி) வெளியாட்கள் சேர்ந்து புதிதாக எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். பெயர் ஹார்பர். கடலூர்க்காரனுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை. கிளிப்பரில் எழுதியவர்களுக்கு ஒரு கரை கிடைத்தது. ஆனால் அதற்கு உலகம் முழுக்கப் பயனர்கள் இருந்தார்கள். எங்கள் மொழிக்கு இருப்பது அறுபது வாடிக்கையாளர்கள். நான் போனபின் அதை முதலிலிருந்து எழுதித் தர யார் வரப்போகிறார்கள்?

சரி, அப்படியானால் திறந்துவிட்டால் எல்லாம் சுகமா? அதுவும் இல்லை. இங்கே பார்ட்னர் எடுத்துப் போட்ட துருப்புச் சீட்டு லைவ்கோட். எடின்பரோவில் உள்ள ஒரு கம்பெனி, ஆப்பிளின் பழைய ஹைப்பர்கார்டு வழியில் வந்த ஒரு ஸ்கிரிப்ட் மொழியைக் காசுக்கு விற்று வந்தது. 2013இல் கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் சுமார் 4.9 லட்சம் பவுண்டு திரட்டி, மொழியை ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் திறந்தது. வணிகப் பதிப்பையும் கூடவே விற்றது. எட்டு வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் கடைசியில், திறந்த பதிப்பை நிறுத்திக்கொண்டது. எடுத்தவர்கள் ஏராளம், காசு கட்டியவர்கள் போதவில்லை. "பாத்தியா? ஊரே வந்து எழுதித் தரும்னு சொல்ற, ஊரு சாப்பிட்டுட்டுப் போயிடும்" என்றார் பார்ட்னர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. திறந்தால் ஆட்கள் வந்து குவிவார்கள் என்பது கனவு. அதிலும் பண்ருட்டி முந்திரிக்கான மொழிக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்து கோடு எழுதுவார்கள்? ஆனால் நான் ஆட்களைத் தேடித் திறக்கவில்லையே. எஸ்.க்யூ.லைட்டைப் பாருங்கள். உங்கள் கைபேசியில் கட்டாயம் இருக்கும் டேட்டாபேஸ் அது. சோர்ஸ் பொதுவுடைமை, யாரும் எதற்கும் எடுக்கலாம். ஆனால் வெளியார் எழுதிய கோடை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுதான் நடத்துகிறது, பெரிய கம்பெனிகள் ஆதரவுக்குக் காசு கட்டுகின்றன. திறப்பது வேறு, வீட்டுக்குள் எல்லோரையும் சமையல் செய்ய விடுவது வேறு.

இந்த ரகத்தில் எனக்கு அதிகம் பாடம் சொன்னது லுவா. பிரேசிலில் ரியோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1993இல் மூன்று பேர் உருவாக்கிய மொழி. எண்ணெய் கம்பெனி பெட்ரோபிராஸுக்கான வேலையில் பிறந்தது. அதாவது எங்களுடையதைப் போலவே, உள்ளூர் வாடிக்கையாளரின் விதிகளை அவர்களே எழுதிக்கொள்ள என்று வந்தது. முதலில் வெளியிட்டபோது, படிப்புக்கு இலவசம், வணிகத்துக்கு எங்களிடம் பேசுங்கள் என்று உரிமம் போட்டார்கள். பேச வந்தவர்கள் சொற்பம். ஒரு வணிகப் பேரமும் முடியவில்லை. 1995இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் விளையாட்டு எழுதுகிறவர்கள் லுவாவைக் கையில் எடுத்தார்கள். அங்கேயும் வெளியார் கோடைச் சேர்ப்பது அபூர்வம்தான். யோசனை கேட்பார்கள், எழுதுவது அவர்களே.

நேர் எதிர்க் கதை ரெபால். அமிகா கணினியின் இயங்குதளத்தில் பெரும்பங்கு வகித்த கார்ல் சாசன்ராத் 1997இல் வெளியிட்ட மொழி. அழகான வேலைப்பாடு, அளவில் சிறியது, படித்தவர்கள் மயங்கினார்கள். ஆனால் சோர்ஸ் மூடியே கிடந்தது. மூன்றாம் பதிப்பின் சோர்ஸை அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது 2012 டிசம்பரில். பதினைந்து வருடம். காத்திருந்து அலுத்த ரசிகர் ஒருவர் அதற்கு முந்தைய வருடமே ரெட் என்று வேறொரு மொழியைத் தொடங்கிவிட்டார். லுவாவையும் ரெபாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உரிமத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. ஒருவர் பந்தி தொடங்கும்போது இலை போட்டார், மற்றவர் எல்லோரும் கை கழுவிய பிறகு போட்டார்.

ஆப்பிள் 2015 டிசம்பரில் தன் ஸ்விஃப்ட் மொழியைத் திறந்ததையும், மைக்ரோசாஃப்ட் 2016 ஆகஸ்டில் தன் பவர்ஷெல் மொழியைத் திறந்ததையும் என்னிடம் சிலர் உதாரணமாகச் சொன்னார்கள். அவர்கள் வருமானம் வேறெங்கோ இருக்கிறது. நமக்கு அந்தக் கணக்கு உதவாது.

நடுவழி ஒன்றை எங்கள் ஆடிட்டர் சொன்னார். சோர்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு, சீல் வைத்து, பேங்க் லாக்கரில் வைத்துவிடுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் எழுதுங்கள் என்றார். பெரிய ஒப்பந்தங்களில் எஸ்க்ரோ என்று இதைச் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். காடாம்புலியூர் முதலாளி கையில் அந்த பென்டிரைவைக் கொடுத்தால் என்ன செய்வார்? பூஜை அறையில் வைப்பார். அதுவரை ஒரு கண்ணும் பார்த்திராத கோடு, கம்பைல் ஆகுமா என்றுகூட யாரும் சோதித்திராத கோடு. அதை வைத்து யாராவது உதவ வேண்டுமானால், நான் இருக்கும்போதே நாலு பேர் அதைத் திறந்து பார்த்துக் குழம்பி, என்னிடம் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நடுவழி, குறிப்பிட்ட வருடம் கழித்துத் தானாகத் திறக்கும் பி.எஸ்.எல். (பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்) உரிமம். சோர்ஸைப் படிக்கலாம், போட்டியாக விற்கக்கூடாது, அதிகபட்சம் நாலு வருடத்தில் முழுசாகத் திறந்துவிடும். முதல் நாளிலிருந்தே இப்படிச் சொல்லி வைத்தால் அதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. முதலில் திறந்துவைத்துவிட்டுப் பிறகு இதற்கு மாறினால்தான் வம்பு. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் கம்பெனி, டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளை அப்படி மாற்றியதும், பழைய திறந்த கோடை எடுத்து ஓபன்டோஃபு என்று தனியாகக் கடை போட்டுவிட்டார்கள். பார்ட்னர் இதற்குக் கிட்டத்தட்டச் சம்மதித்தார். எனக்குத்தான் ஒப்பவில்லை. போட்டிக்கு விற்கக்கூடாது என்ற வரியை நம்பி நெய்வேலியில் எவன்மீது கேஸ் போடப்போகிறோம்?

உண்மையில் பார்ட்னரின் பயம் ஒரே ஒரு ஆளைப் பற்றியது. எங்களிடம் சப்போர்ட் பார்த்துவிட்டு விலகிப்போன பையன். இன்டர்பிரெட்டரைத் திறந்தால் அவன் அதையே எடுத்து, பெயர் மாற்றி, பாதி விலைக்கு விற்பான் என்றார். விற்கலாம், மறுக்கவில்லை. இரண்டு, மூன்று வாடிக்கையாளர்கள் போகவும் போகலாம். ஆனால் போன வருட வரவை எடுத்து வைத்துப் பார்த்தோம். நாலில் மூன்று பங்குக்கு மேல் ஏ.எம்.சி.யில், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வந்தது. புது விற்பனை கொஞ்சம்தான். வரி விதி மாறிய அன்று இரவு போனை எடுப்பவருக்குத்தான் ஆட்கள் காசு கட்டுகிறார்கள். முந்திரி, அரிசி ஆலை, ஜி.எஸ்.டி. விதித் தொகுப்புகள் எங்களிடமே இருக்கும், அவற்றைத் திறப்பதாக இல்லை. மொழியின் பெயரும் எங்களுடையதே. ஜாவா மொழியை உருவாக்கிய சன் கம்பெனி, அதைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் அந்தப் பெயரைத்தான் இறுக்கிப் பிடித்தது. அதற்காகவே மைக்ரோசாஃப்டோடு வழக்குப் போட்டு, 2001இல் 2 கோடி டாலர் வாங்கிச் சமாதானமானது.

உரிமத்தில் ஜி.பி.எல்.லா, மாற்றியதன் சோர்ஸைத் தரச் சொல்லாத எம்.ஐ.டி.யா என்பதில் நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஜி.பி.எல். போட்டால் அந்தப் பையன் மாற்றி விற்கும் பதிப்பின் சோர்ஸை வாங்குகிறவருக்குத் தர வேண்டும். அது பார்ட்னருக்கு ஒரு ஆறுதல். கணக்குப்பிள்ளை எழுதிய விதிகளை அந்த உரிமம் தொடாது, இன்டர்பிரெட்டருக்கு அவை வெறும் தரவு. ஜி.பி.எல். என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பார்க்காத வேலை வந்து நின்றது. திறப்பது என்றால் கோடு முழுக்க நம்முடையதாக இருக்க வேண்டுமே. ஜாவாவைத் திறந்தபோது எழுத்துரு வரைவதும் ஒலியும் வேறு கம்பெனிகளுடையவை என்பதால் அவற்றை உடனே திறக்க முடியாமல் போனது. எங்களுடையதிலும் பில் அச்சிடும் பகுதி காசு கொடுத்து வாங்கிய லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதி விற்ற ஆயத்தக் கோடு. அதைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்க மூன்று மாதமாவது ஆகும். சிக்கல் அதோடு முடியவில்லை. தேதிக் கணக்குப் பகுதியை 2012இல் ஒரு கல்லூரி மாணவன் எழுதிக் கொடுத்தான். சம்பளத்துக்கு இருந்த ஆள் இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுத்தோம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்காரர் வேலையின் பகுதியாக எழுதினால் உடைமை முதலாளிக்கு. வெளியாள் எழுதினால் எழுதியவருக்கே, அவர் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால் ஒழிய. அப்படி மாற்றும் பத்திரத்திலும் எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ளப்படும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆடிட்டர் கூப்பிட்ட வக்கீல் இதைச் சொன்னபோது பார்ட்னர் என்னைப் பார்த்தார். எங்களிடம் இருந்தது ஒரு வவுச்சர், அதில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். மூடியே விற்றிருந்தாலும் இதே ஓட்டை இருந்திருக்கும், பத்து வருடத்துக்கு மேலாக இருந்தும் வந்திருக்கிறது. திறக்கப் போனதால்தான் கண்ணில் பட்டது.

சோர்ஸைச் சுத்தம் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், ஜெனரேட்டர் சத்தத்தில் உட்கார்ந்து எழுதிய பகுதிகளில் நான் இட்ட குறிப்புகளை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு இடத்தில் மின்வாரியத்தைத் திட்டி நாலு வரி. இன்னொரு இடத்தில், 'இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியல, தொடாதே.' அதை மட்டும் எடுக்கவில்லை, உண்மையான எச்சரிக்கை அது.

முடிவு இப்படி: இன்டர்பிரெட்டரும் விதிக் கோப்பின் வடிவமும் திறக்கப்படும், விதித் தொகுப்புகள் மூடியே இருக்கும், முதல் இரண்டு வருடம் வெளியார் கோடு சேர்ப்பதில்லை. பார்ட்னர் ஒரு நிபந்தனை வைத்தார்: சித்திரையில் கொட்டை வரத்து தொடங்கும், சீசன் முடியும்வரை எதையும் தொடக்கூடாது. நியாயம்தான், ஒப்புக்கொண்டேன். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான இரண்டு இளைஞர்களிடம் இப்போதே ஒரு நகல் கொடுத்து, நான் பக்கத்தில் இல்லாமல் கம்பைல் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நாளே முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற ஒரு கோப்பை நான் கொடுக்க மறந்திருந்தேன்.

அந்த மாணவனையும் தேடிப் பிடித்தோம். இப்போது பெங்களூரில் பெரிய வேலை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கவே இல்லை.

"போட்டுத் தரேன் அண்ணா. ஆனா வெளிய விடறதுக்கு முன்னாடி அந்த பிப்ரவரி 29 கணக்க ஒரு தடவ பாத்துடுங்க. அப்பவே எனக்கு டவுட்டு இருந்துச்சு, சொல்ல பயமா இருந்துச்சு."